ஔ

ஆவாரம்பாளையத்தில், வார்ப்படப் பட்டறைகளுக்கு நடுவே
நாங்கள் வண்டி செய்கிறோம்.
பந்தய வண்டி. இரண்டு பேர் உட்காரலாம்,
ஒருவர் மெலிந்தவராக இருந்தால்.

மாடலுக்கு ஓர் எழுத்து.
இங்கிலீஷ் எழுத்தெல்லாம் ஜெர்மன்காரன்
எடுத்துக்கொண்டான் என்றார் முதலாளி திருமூர்த்தி.
ஆகவே அ.

அ-வுக்குக் கதவு கிடையாது. தாண்டித்தான் ஏற வேண்டும்.
திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்
வேட்டியை மடித்து ஒரு காலை உள்ளே வைத்தபடி
கால் மணி நேரம் விலை பேசினார்.
ஆ-வுக்குக் கதவு வந்தது.

இ-யைப் பற்றி நான் பேசுவதாயில்லை.
ஈ வந்த வருடம்
ஈ ஓட்டினோம்.
உ-வைப் பிள்ளையார் சுழி என்று நினைத்தே
ஏழு பேர் வாங்கினார்கள்.

எ-வுக்கும் ஏ-வுக்கும் ஒரு கோடுதான் வித்தியாசம்,
எழுத்தில் போலவே வண்டியிலும்:
பின்னால் ஒரு தகடு, காற்றை அமுக்க.
நாலு கிலோ. அந்த நாலு கிலோவுக்காக
முதலாளியும் ஃபைபர் வெங்கிடுபதியும்
ஒன்பது நாள் பேசிக்கொள்ளவில்லை.
துண்டுச் சீட்டுகள் என் மேஜை வழியாகப் போய் வந்தன.

ஐ மொத்தமே இரண்டு.
ஒன்று வால்பாறை மலையில், முப்பத்தெட்டாம் வளைவில்
ரோட்டை விட்டு இறங்கிப் போய்விட்டது.
ஓட்டியவர் தேயிலைச் செடிமேல் உட்கார்ந்து
எங்களுக்குத்தான் முதலில் போன் செய்தார்:
"பிரேக் நல்லாத்தானுங் புடிச்சுது."

நான் துளசிமணி. உதிரிபாகப் பதிவேடு என்னுடையது.
தாராபுரத்திலிருந்து கூப்பிடுவார்கள்:
"ஏனுங், உ-வுக்கு ஒரு கிளட்ச் பிளேட் வேணுங்."
எந்த உ? மாசிக்கு முன்னா, பின்னா?
மாசியில் லேத்காரர் மாறினார்.
போல்ட் துளை அரை நூல் நகர்ந்தது.
இப்படி நகர்ந்ததெல்லாம் என் தலையில் இருக்கிறது.
கொஞ்சம், நோட்டில்.

ஔ-வை நாங்கள் செய்யவில்லை.
அச்சு வெட்டிய பையன் ஒ-வைத் தனியாக,
ள-வைத் தனியாக வெட்டிக் கொண்டுவந்தான்.
"ஆர்ரா இதைப் படிப்பான்?" என்று
தகட்டைக் குப்பையில் போட்டார் முதலாளி.
ஒரு வரி காலி விட்டு ஃ-க்குப் போனோம்.

ஃ பேட்டரியில் ஓடுவது.
உயிருமில்லை, மெய்யுமில்லை.
சாவியைத் திருகினால் ஒன்றும் கேட்காது.
முதல் நாள், எதிர்க்கடை டீ மாஸ்டர்
தள்ளிவிட ஆள் கூப்பிட்டார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. செட்டிபாளையம் டிராக்.
மூன்றாம் சுற்றில் எங்கள் ஃ-ஐ
வளைவின் உள்பக்கமாக ஒன்று முந்திப் போனது
கத்திக்கொண்டு, எண்ணெய் சிந்திக்கொண்டு.
மூக்கு எ. முதுகு ஐ.
கியர் ஓ-வினுடையது;
மூன்றிலிருந்து நாலுக்கு மாறும்போது வரும் முனகல்
எனக்குத் தெரியாதா?

போய்ப் பார்த்தேன். ஓட்டியவள் பூரணி,
ஆனைமலைக்காரி. ஹெல்மெட்டைக் கழற்றியதும்
தலையிலிருந்து ஆவி பறந்தது.
ரேடியேட்டர் ஹோஸ் தென்னந்தோப்பு பம்ப்செட்டிலிருந்து.
சேஸிஸில் வெல்டிங் ராடாலேயே எழுதியிருந்தாள்: ஔ.
"நீங்க உட்டுட்டீங்கல்லங்,
நாங்க போட்டுக்கிட்டமுங்."

திருமூர்த்தி மூன்று முறை சுற்றி வந்தார்,
சந்தையில் காளையைச் சுற்றுவதுபோல.
பல்லைப் பிடித்துப் பார்க்காத குறை.
பின்னால் வந்து நின்றுவிட்டார்.
ஏ-வின் தகட்டை அவள்
பாதியாக அறுத்து மாட்டியிருந்தாள்.
இரண்டு கிலோ.

முதலாளி வெங்கிடுபதி பக்கம் திரும்பவே இல்லை.
வெங்கிடுபதி வேறெங்கும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலி வரியில் எழுதினேன்.
தயாரித்தவர் என்ற கட்டத்தில் பேனா நின்றது;
தாண்டிப் போனேன்.
மூக்கு, முதுகு, கியர். தகடு: பாதி.
கிளட்ச் பிளேட் உ-வினுடையது, அது வரைக்கும் சரி.
மாசிக்கு முன்னா, பின்னா?
நாலு தடவை போன் போட்டுவிட்டேன்.
எடுக்கவில்லை.
ஓட்டிக்கொண்டிருப்பாள்.